ப்ளூ-ரே என்று காசு வாங்கிவிட்டு டிவிடியை இழுத்துப் பதிந்து கொடுத்தார்கள்: கல்யாண வீடியோ ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

2014-இல் தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோவில், டிவிடியைவிடத் தெளிவான எச்டி படம் கொள்ளும் ப்ளூ-ரே டிஸ்க் வேண்டுமென்றால் 8,000 ரூபாய் கூடுதல் என்றார்கள். அப்பா யோசிக்கவே இல்லை. "நல்லதாவே போடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் இப்போது இல்லை. அவர் நடந்து, பேசி, சிரிக்கிற வீடியோ எங்களிடம் இது ஒன்றுதான்.

அப்போது வீட்டில் ப்ளூ-ரே பிளேயர் கிடையாது. கூடவே தந்த டிவிடியைத்தான் போட்டுப் பார்த்தோம், ப்ளூ-ரே பீரோவுக்குள் போய்விட்டது. டிஸ்க் கெட்டுப்போவதற்குள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடலாம் என்று போன மாதம் ஒரு டிரைவ் வாங்கிப் போட்டேன். இரண்டரை மணி நேரப் படம். 25 ஜிபி கொள்ளும் டிஸ்க்கில் இருந்தது வெறும் 5 ஜிபி.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 1920×1080, அதாவது ஃபுல் எச்டி, என்றுதான் காட்டியது. பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவின் அளவு, மட்டும் சுமார் 4.4 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). எடிட் செய்த படத்தை ஃபைலாக்குவதை எக்ஸ்போர்ட் என்பார்கள். இதையே 20 எம்பிபிஎஸ்ஸில் எக்ஸ்போர்ட் செய்திருந்தால்கூட 22.5 ஜிபிதான் வந்திருக்கும், அதே டிஸ்க்கில் தாராளமாக அடங்கியிருக்கும்.

சரி, கஞ்சத்தனமாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா கையை அசைக்கும் ஓர் இடத்தில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. வளையலைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். படத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறிப் பதியும் இன்டர்லேஸ் முறையில் எடுத்த படத்தில் அவை வருவது சகஜம்தான், ஆனால் ஒவ்வொரு கோடும் ஒரு வரி தடிமன்தான் இருக்க வேண்டும். இதில் ஏறக்குறைய இரண்டு வரி. டிவிடியின் 576 வரிகளை 1080-க்கு இழுத்ததன் தடயம் அது. டிவிடியையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதில் கட்டம் கட்டமாக உடைகிற இடங்களிலெல்லாம் இதுவும் உடைகிறது.

டிவிடியின் 720×576-இல் இருக்கும் புள்ளிகள் 1920×1080-இல் இருப்பதில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கும் கணினி இட்டு நிரப்பியது. அப்பாவின் வேட்டிக் கரையில் ஜரிகை இழை தெரியவில்லை, மஞ்சளாக ஒரு பட்டைதான் தெரிகிறது.

கேமராவில் எடுத்த மூலம் இருக்கிறதா என்று கேட்க ஸ்டுடியோவுக்குப் போனேன். "கார்டை எல்லாம் அடுத்த கல்யாணத்துக்கே அழிச்சிடுவோங்க" என்றார் உரிமையாளர். இத்தனை வருஷம் வைத்திருக்கவில்லை என்பதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 8,000? அதற்குப் பதிலே இல்லை. அப்போது அங்கே எடிட்டராக இருந்த தம்பி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். எச்டியில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஓடுமாம், சீசனில் மெஷினை அப்படி விட முடியாதாம். அதனால் டிவிடிக்குப் போட்ட ஃபைலையே பெரிதாக்கி டிஸ்க்கில் எழுதிவிடுவார்களாம். எங்களுடையது மட்டுமல்ல, அந்த சீசனில் பல கல்யாணங்கள்.

அதனால் சொல்கிறேன். 'ஃபுல் எச்டி', '4கே' என்று அட்டையில் போட்டிருப்பதையும், ஃபைல் காட்டும் 1920×1080-ஐயும் மட்டும் நம்பாதீர்கள். பாக்கிப் பணம் கொடுக்கும் முன் ஃபைலின் அளவையும் பிட்ரேட்டையும் பாருங்கள், அசைவுள்ள இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவில் எடுத்த மூலத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எடிட் செய்த படம் மோசமாக வந்தாலும் மூலம் இருந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். எங்கள் கல்யாணத்தில் ஓடிய மாதிரி 24 எம்பிபிஎஸ் ஏவிசிஎச்டி (எச்டி கேமராக்களின் ஒரு பதிவு வடிவம்) கேமரா என்றால் மணிக்கு 11 ஜிபிகூட வராது. க்ளிப்புகளை மட்டும் பொறுக்காமல் கார்டிலுள்ள ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுங்கள், நீளமான காட்சிகள் பல ஃபைல்களாகப் பிரிந்து கிடக்கும். அப்புறம் இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம். ஆர்டர் சீட்டிலேயே 'மூல ஃபைல்கள் அன்றே தரப்படும்' என்று எழுத வைத்தேன். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் மண்டபத்துக்கே கொண்டுபோனேன். கேமராமேன் பந்தியில் சாப்பிட்டு எழுந்து வருவதற்குள் கார்டு முழுவதும் ஏறிவிட்டது.