மாணவர் குழு புராஜெக்டுக்கு ஸ்க்ரமா, கான்பானா?

போன செமஸ்டரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு பூக்கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி செய்தோம். முதல் ஆறு வாரம் ஸ்க்ரம், அதாவது வேலையைக் குறுகிய தவணைகளாகப் பிரித்துச் செய்யும் முறை. இடைவேளை வாரத்துக்குப் பிறகு கான்பான், அதாவது ஒரே சமயத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு வைக்கும் முறை. ஒரே வேலையை இரண்டு முறையிலும் செய்து பார்த்ததில், மாணவர் குழுவுக்குக் கான்பான்தான் என் ஓட்டு.

ஸ்க்ரம் பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரிண்ட் (ஒரு தவணை வேலை), தொடக்கத்தில் திட்டமிடல், தினமும் 15 நிமிட ஸ்டாண்டப் (யார் என்ன செய்கிறார் என்று சொல்லும் கூட்டம்), முடிவில் ரிவியூ (செய்ததைக் காட்டுவது), ரெட்ரோ (வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்ப்பது). நாள் முழுக்க ஒரே வேலையில் இருப்பவர்களுக்கு அது சரி. எங்களில் இருவருக்குப் புதன்கிழமை முழுக்க லேப், ஒருவர் மாலையில் டியூஷன் சொல்லித் தருகிறார். ஸ்டாண்டப் டெலிகிராமுக்குப் போனது. "நேற்று ஒன்றும் இல்லை, இன்று பார்க்கிறேன்" என்ற வரியே நாள்தோறும் வந்தது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்குவதே பெரும்பாடாக இருப்பவர் தினமும் வேறு என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று மதிப்பிடும் ஸ்டோரி பாயிண்ட் கணக்கும் மிட் டெர்ம் வந்ததும் குலைந்தது.

ஆனால் என் மனதை மாற்றியது அதெல்லாம் இல்லை, அரைகுறை வேலை. இடைவேளை வாரத்தில், வேலைகளைக் கார்டுகளாக அடுக்கி வைக்கும் போர்டைத் திறந்தால் 'நடக்கிறது' பத்தியில் ஏழு கார்டு. இருப்பதோ ஐந்து பேர்! எல்லாமே 'கிட்டத்தட்ட முடிந்தது'. கடைக்கார அக்காவிடம் காட்ட ஒரு பக்கம்கூட இல்லை. எது 'முடிந்தது' என்பதற்கு ஸ்க்ரமிலும் வரையறை உண்டு. ஆனால் கையில் இருப்பதை முடிக்காமல் ஒருவர் அடுத்ததை எடுத்தால், அதைத் தடுக்க அதில் விதி கிடையாது.

கான்பானில் உண்டு. டொயோட்டா தொழிற்சாலையில் அட்டைகளை வைத்துத் தொடங்கிய முறை அது: அடுத்த கட்டம் கேட்கும்போதுதான் முந்தைய கட்டம் செய்து கொடுக்கும். நாங்கள் 'நடக்கிறது' பத்திக்கு 3 கார்டு, 'சரிபார்ப்பு' பத்திக்கு 2 என்று வரம்பு வைத்தோம்.

எட்டாவது வாரம் ஒரு மாலை, நூலகத்தில் உட்கார்ந்து பேநவ் மூலம் பணம் கட்டும் வசதிக்கான கார்டை எடுக்கப் போனேன். பத்தி நிறைந்திருந்தது. சரி என்று, சரிபார்ப்பில் கிடந்த நண்பனின் ஆர்டர் பக்கத்தைத் திறந்தேன். மல்லிகை எத்தனை முழம் என்று கேட்கும் பெட்டியில் 0 போட்டாலும் ஆர்டர் போகிறது. அரை முழம் போட்டால் ஏற்கவில்லை. அக்கா கடையில் அரை முழம் வாங்குபவர்கள்தான் அதிகம். அன்றிரவே இருவரும் உட்கார்ந்து திருத்திச் செயலியில் சேர்த்தோம். பழைய முறை என்றால் நான் பேநவ் வேலையைத் தொடங்கியிருப்பேன். அந்தப் பிழை தீபாவளிக் கூட்டத்தில்தான் தெரிந்திருக்கும்.

இந்த வரம்பைக் காப்பாற்றுவதுதான் கான்பானில் உண்மையான உழைப்பு. போர்டைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். "இது ஒன்று மட்டும்" என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல மனம் வேண்டும். பதினோராம் வாரம் ஒருமுறை விட்டுக்கொடுத்தோம். நான்கே நாளில் பழையபடி குவிந்தது.

கான்பானில் கெடு கிடையாது, அது மாணவர்களுக்கு ஆபத்து. அதனால் ஸ்க்ரமிலிருந்து இரண்டை வைத்துக்கொண்டோம்: ரெட்ரோ, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை கடையில் செய்துகாட்டுவது. "எழுத்து பெரிசா இருக்கணும் தம்பி, கண்ணாடி போடாம தெரியணும்" என்று அக்கா சொன்னது அப்படி ஒரு சனிக்கிழமைதான்.

நான் பார்த்தது ஐந்து பேர், ஒரு செமஸ்டர், அவ்வளவே. பத்துப் பேர் குழுவுக்கும் இது சரிவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் பாடத்தில் ஸ்பிரிண்ட் வாரியாக மதிப்பெண் போடுகிறார்கள் என்றால் ஸ்க்ரமிலேயே இருங்கள். இந்த வரம்பை மட்டும் அதற்குள் கொண்டுவாருங்கள். அதை ஸ்க்ரம் தடுக்காது. முதலில் 'நடக்கிறது' பத்திக்கு வையுங்கள், எங்களுக்குக் குவிந்தது அங்கேதான்.