கதவுக்குப் பின்னால் ஒரு கத்தரி: ஆறு வருடக் கயிற்று அனுபவம்

எங்கள் படுக்கையறைக் கதவின் பின்பக்கம் ஆணியில் சிவப்புப் பிடி போட்ட கத்தரி ஒன்று தொங்குகிறது. போன பொங்கலுக்கு வந்திருந்த மாமியார் அதை எடுத்துப் பால் பாக்கெட் வெட்டப் போனார். "அது முதலுதவிக்கு வச்சது அத்தை" என்று வாங்கி மறுபடி அதே ஆணியில் மாட்டினேன். பொய் இல்லை, முதலுதவிக்குத்தான்.

நானும் கணவரும் ஆறு வருடமாகக் கயிற்றுக் கட்டு பழகுகிறோம். ஒருவர் சம்மதத்தோடு அவர் உடலை இன்னொருவர் கயிற்றால் கட்டுவது, ஷிபாரி, கின்பாகு என்று ஜப்பானியப் பெயர்களில் புழங்குகிறதே, அதுதான். அவர் கட்டுவார், நான் கட்டுப்படுவேன். அவசரத்துக்கு வெட்டும் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டுகிறவர்கள். வாங்குவது அவர்கள்தான், ஆனால் பிளேடு உரசிக்கொண்டு போவது என் தோலை. அதனால் இந்தத் தடவை நான் எழுதுகிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது 6 மி.மீ. சணல் கயிறு, எட்டு எட்டு மீட்டர் துண்டுகளாக. கயிற்றை நடுவில் மடித்து இரட்டையாகத்தான் கட்டுவது வழக்கம். மூன்று சுற்று என்றால் ஆறு இழை. கருவி வாங்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். எங்களுக்கு இல்லை. முதல் வருடம் தையல் கத்தரியை வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைத்தோம். அதன் கூர்முனையை, இறுகிய கயிற்றுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் பதற்றத்தோடு நுழைப்பதை நினைத்துப் பார்த்தாலே போதும், தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

அடுத்து வந்தது ஆன்லைனில் கிடைக்கும் சீட் பெல்ட் கட்டர். சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவு, பிளேடு உள்ளே மறைந்திருக்கும், தோலைத் தொடாது. பார்க்கப் பிரமாதம். ஆனால் சீட் பெல்ட் தட்டையான நாடா. அதற்கென்று செய்த வாய் அவ்வளவு குறுகல். எங்கள் கயிறு ஓர் இழைகூட அதற்குள் போகவில்லை. இதை நாங்கள் கண்டுபிடித்தது, வாங்கி எட்டு மாதம் கழித்து. அந்த எட்டு மாதமும் அது தலையணைப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது!

கண்டுபிடித்த நாள் மறக்காது. மே மாதம், சென்னை வெக்கை. அன்று சணல் இல்லை, மெத்தென்று இருக்கும் என்று வாங்கிய பருத்திக் கயிறு. கணுக்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார். கரண்ட் போய்விட்டது. இருட்டு, ஃபேன் இல்லை, வியர்வை கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொண்டது. காலை இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாகிவிட்டது. பருத்தி இழுபடும், இழுபட்டு இறுகினால் நகத்துக்கு மசியாது. "சிவப்பு" என்று கத்தினேன். எங்களுக்குள் பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கொஞ்சம் நிறுத்து, சிவப்பு என்றால் எல்லாம் முடிந்தது, அவிழ். அவர் செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு அந்த கட்டரோடு மல்லாடினார். முடியாமல், என்னை அப்படியே விட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடிக் காய்கறிக் கத்தி எடுத்து வந்தார். வெட்டியது கயிறு மட்டும்தான் என்பது எங்கள் அதிர்ஷ்டம். அந்தக் கயிற்றின் மிச்சம் மாடியில் பாகற்கொடிக்குப் போனது.

மறுநாளே பாரிமுனைப் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடைக்குப் போனோம். "ஆம்புலன்ஸ்காரங்க துணி வெட்டுற கத்தரி" என்றதும் கடைக்காரர் எடுத்துப் போட்டார். டிராமா ஷியர்ஸ் என்பார்கள். கீழ் அலகின் நுனி தட்டையாக, முனை மழுங்கி இருக்கும். தோலோடு படுத்துக்கொண்டு கயிற்றுக்கு அடியில் வழுக்கி நுழையும், குத்தாது. மேலும் அலகில் பொடிப்பொடியாகப் பல் உண்டு, கயிறு நழுவி ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். இருநூறு ரூபாய் சொச்சம். வீட்டுக்கு வந்ததும் கோரைப்பாயைச் சுருட்டி, அதன் மேல் மூன்று சுற்றுச் சணல் கட்டி வெட்டிப் பார்த்தோம். இரண்டு இழையை ஒரே அமுக்கில் வெட்டியது. நான்கு இழையைச் சேர்த்துக் கொடுத்தால் திணறியது. ஆக, ஒரு சுற்றாக எடுத்து வெட்ட வேண்டும். பாயில் தெரிந்துகொண்டது நல்லது.

பிறகு கொக்கிக் கத்தி ஒன்றும் சேர்ந்தது. சீட் பெல்ட் கட்டருக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி, ஆனால் வாய் அகலம். கயிறு விறைப்பாக இருந்தால் மாட்டி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தொய்வாக இருந்தால் வெட்டாது, கயிறு கூடவே வரும். கத்தரிக்கு இது நேர் எதிர், தொய்வில்தான் அதற்குச் சுகம். இரண்டும் வைத்திருப்பது இதனால்தான். ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் கத்தரி வாங்குங்கள்.

லெதர்மேன் ராப்டர் என்ற டிராமா கத்தரி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மடக்கும் வகை, மோதிரம் வெட்டும் பகுதிகூட அதில் இருக்கிறது. நாங்கள் வாங்கவில்லை. எனக்கு, ஆணியில் இருந்து எடுத்த கையோடு வெட்டத் தயாராக இருக்கிற பொருள் வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, சங்கிலி எல்லாவற்றையும் கட்டுவதற்கு முன்பே கழற்றித் தட்டில் வைத்துவிடுகிறேன். தாலிச் சங்கிலியையும்தான்.

ஆறு வருடத்தில் நிஜமாக வெட்டியது இரண்டே தடவை. இரண்டாவது முறை வெட்டியிருக்கவே வேண்டாம், அவிழ்த்தே இருக்கலாம். நல்ல முடிச்சாக இருந்தால் அவிழ்ப்பதுதான் பெரும்பாலும் வேகம். இழுத்தால் இறுகிக்கொண்டே போகும் சுருக்கு எங்கள் வீட்டில் தடை. ஆளைத் தொங்கவிடும் கட்டு நாங்கள் செய்வதில்லை. செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உடல் பாரத்தைத் தாங்கும் மேல் கயிற்றை, ஆளை முதலில் தாங்கிப் பிடிக்காமல் வெட்டினால், கீழே விழப்போவது கயிறு மட்டும் இல்லை.

எந்தக் கத்தரியாலும் காப்பாற்ற முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காவது வருடம், கைகளைப் பின்னால் வைத்து மேற்கையோடு சேர்த்துச் சுற்றும் கட்டு. வலியே இல்லை, மரத்துப்போனதுபோலவும் இல்லை. அவிழ்த்த பிறகு லேசாகக் கனத்தது, படுத்துவிட்டேன். காலையில் தோசைக் கரண்டியைத் தூக்கினால் மணிக்கட்டு மடங்கித் தொங்குகிறது. கட்டைவிரல் மேலே வர மாட்டேன் என்கிறது. ரேடியல் நரம்பு. அது மேற்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் எலும்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான். டாக்டரிடம் மழுப்பாமல் "கயிறு அழுத்தியது" என்றேன். அவர் முகத்தில் ஒரு விநாடி ஏதோ ஓடியது, அப்புறம் வேலையைப் பார்த்தார். மூன்று வாரம் கையில் ஸ்பிளின்ட். இட்லிதான் சாப்பிட்டோம், அதுவும் கணவர் ஊற்றியது.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. முன்பெல்லாம் "நல்லா இருக்கியா?" என்று கேட்பார், நானும் நல்லா இருக்கேன் என்பேன். அந்தக் கேள்விக்கு மதிப்பே இல்லை. இப்போது, "மணிக்கட்டைப் பின்னால் மடக்கு, விரலை விரி, என் விரலை அமுக்கு." சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, இரண்டு கையும். ஒரு கை சுணங்கினாலும் உடனே அவிழ்ப்பு. முன்பு விரல் நீலம் பாரித்தால் பயந்து பார்ப்போம், நிறம் மாறாவிட்டால் நிம்மதியாக இருப்போம். அது தப்பு. நரம்பு கெடுவதற்கு நிறம் மாறவே வேண்டாம். காலிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்க எலும்பு மேடு அதே மாதிரி ஆபத்தான இடம். அங்கே அழுத்தினால் பாதம் தொங்கும். கழுத்துக்குக் கயிறு போகவே போகாது. குடித்திருந்தால் கயிற்றுப் பையே திறக்காது. வெறும் வயிற்றிலும் இல்லை, நின்றபடி கட்டுண்டு ஒருமுறை எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கட்டிவிட்டு அறையை விட்டுப் போவது, அது தண்ணீர் குடிக்கவே ஆனாலும், கிடையாது.

சென்னைக்கே உரிய தொல்லைகள் தனி. மழைக்காலத்தில் சணல் ஈரம் குடித்துப் பூஞ்சை வாடை அடிக்கும், வெயிலுக்குக் காட்ட வேண்டும். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம், உப்புக் காற்றில் கத்தரியின் அலகுகள் சேரும் இடத்தில் துரு கண்டது. மாதம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன். ஆணிக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போட்ட எமர்ஜென்சி லைட்டும் இருக்கிறது.

இப்போது தொங்குவது மூன்றாவது கத்தரி. பழைய கயிற்றில் வருடம் இரண்டு தடவை வெட்டிப் பார்ப்போம், வெட்டாமல் மென்றால் மாற்றிவிடுவோம். சணல் பிளேடைச் சீக்கிரம் மழுக்குகிறது. போன ஆவணியில் மாற்றிய பழையதை மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன். பால் பாக்கெட்டுக்குத் தாராளமாகப் போதும் என்கிறார்.