பினாங்கின் ஜார்ஜ் டவுனும் அதன் கட்டணமில்லாப் பேருந்தும்

நம் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியது. 1786இல் உருவான, மலேசியாவிலுள்ள பினாங்கின் ஜார்ஜ் டவுனோ மூன்றாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. பெயரளவிலேயே ஒற்றுமை இருக்கும் என்று எண்ணிச் சென்னையிலிருந்து புறப்பட்ட எனக்கு, படகிலிருந்து இறங்கிய ஒரு மணி நேரத்திற்குள் அந்த ஊர் நெருக்கமாகிவிட்டது.

அதற்கு முதற்காரணம், படகுத்துறையிலிருந்து கொம்தார் கட்டடம் வரை பழைய நகரைச் சுற்றிவரும் 'கேட்' என்னும் கட்டணமில்லாப் பேருந்து. வெளிநாட்டவரிடமும் காசு கேட்பதில்லை. எங்கே இறங்குவது என்று நான் தயங்குவதைக் கண்ட முதிய பெண்மணி ஒருவர், "எங்கம்மா போகணும்?" என்று தமிழிலேயே கேட்டு, தம் நிறுத்தத்தை விட்டுவிட்டு என்னுடன் வந்து, குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் வாசல் வரை வழிகாட்டினார். அந்த அன்பை நான் மறக்கவே மாட்டேன்.

சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயரையே கொண்ட சூலியா தெரு இருக்கிறது. காவடித்தடியில் சுமந்து விற்கப்பட்டதால் பெயர் பெற்ற நாசி கண்டார் என்னும் சோற்றுணவை, பல குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவதே சரியான முறை. கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகளை மோட்டார் சைக்கிள்கள் அடைத்திருப்பது மட்டுமே குறை. முதியவர்களுடன் செல்வோர் காலையிலேயே நடந்துவிடுவது நல்லது.