2000 லூமன் டார்ச் லைட்: அந்த 2000 எத்தனை நிமிஷத்துக்கு?

டார்ச்சில் சார்ஜர் சொருகும் இடம் ஆட்டம் கொடுத்ததால் தேன்கனிக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். அதே டார்ச் ஆன்லைனில் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று பாலக்கோட்டிலிருந்து சித்தப்பா மகனும் கேட்டுவிட்டான். ரெண்டு வருஷத்துக்கு மேலாக, யானை இறங்காமல் பார்க்கும் ராகிக் காவலுக்கு நான் கொண்டுபோகும் லைட் இது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பெட்டியில் 2000 லூமன் (லைட்டிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு), 250 மீட்டர், 4 மணி நேரம் என்று மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். படிக்கிற யாரும் 2000 லூமன் வெளிச்சம் 4 மணி நேரம் வரும் என்றுதான் நினைப்பார்கள். வராது. போட்டவுடன் கொல்லை முழுக்கப் பட்டப்பகல் மாதிரி இருக்கும், ரெண்டு மூன்று நிமிஷம் தாண்டியதும் மெல்ல இறங்க ஆரம்பித்து, கடைசியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கில் வந்து நிற்கும். கண் பழகிக்கொண்டே வருவதால் இறங்குவது உடனே தெரியாது. வீட்டில் கதவைச் சாத்தி, லைட்டை நிமிர்த்தி விட்டத்தைப் பார்க்க வைத்து, பக்கத்தில் போனில் லக்ஸ், அதாவது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு, காட்டும் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். அந்த எண்ணை வைத்து லூமன் சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு பங்கு குறைந்தது என்பது தெரிந்துவிடும்.

சரி, ஆப்பே வேண்டாம், கணக்குப் போட்டாலே போதும். உள்ளே இருப்பது 3000 எம்ஏஎச் 18650 செல் (சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல்) ஒன்று. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 11 வாட்-மணி. அதை 4 மணி நேரத்துக்குப் பிரித்தால் 2.8 வாட்கூட இல்லை. அதில் 2000 லூமன் வர வேண்டுமென்றால் ஒரு வாட்டுக்கு 700 லூமனுக்கு மேல் வேண்டும். நல்ல வெள்ளை எல்இடி தருவது 100 முதல் 200 வரை. கண்ணுக்கு அதிகம் தெரியும் பச்சை நிறத்தில் ஒரு துளிகூட வீணாகாமல் எரிந்தாலே உச்சம் 683 லூமன்தான். அதாவது பெட்டியில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் இயற்கையிலேயே நடக்காத விஷயம்.

அப்படியென்றால் பொய்யா? அங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது, பொய் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2009-ல் வந்த ஆன்சி எஃப்எல்1 என்ற தர அளவுப்படிதான் அச்சடித்திருக்கிறார்கள். அதில் லூமனை அளப்பது லைட் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள். எரியும் நேரத்தை வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணலாம். ரெண்டும் தனித்தனியாகச் சரி, ஆனால் 2000 என்பது முதல் ரெண்டு நிமிஷத்தின் எண், 4 மணி என்பது வெறும் 200 லூமனில் முடியும் எண். தூரமும் அப்படித்தான். 250 மீட்டர் என்றால் அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. அதுவும் இறங்குவதற்கு முன்னால். அங்கே நிற்பது யானையா புதரா என்று சொல்லிவிட முடியாது. பாதித் தூரத்துக்கு வந்தால் வெளிச்சம் நாலு மடங்கு, ஆகவே 100, 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

ஜவளகிரிக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும் மாதங்களில் ராகி முற்றி நிற்கும். சத்தம் எங்கே என்று தெரியாமல் கொல்லையின் நாலு பக்கமும் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்போது ரெண்டு நிமிஷ வெளிச்சம் எதற்கு உதவும்? அப்பாவிடம் இருக்கும் பழைய லெட் ஆசிட் பேட்டரி லைட்டில் லூமன் ரொம்பக் குறைவு, ஆனால் வாய் அகலம், கிண்ணம் ஆழம், வெளிச்சம் ஒரே கற்றையாகப் போகிறது. தூரத்துக்குக் கேண்டெலாதான், அதாவது ஒரே திசையில் போகும் வெளிச்சத்தின் செறிவுதான், முக்கியம், லூமன் இல்லை. 10,000 கேண்டெலா இருந்தால் 200 மீட்டர், அதை 400 ஆக்க 40,000 வேண்டும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட யாருக்கும் மனசு வருவதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் இறங்குவது ஏமாற்றுவதற்காகச் செய்வதல்ல, உள்ளங்கை அளவு அலுமினிய உடம்பு அவ்வளவு சூட்டையும் வெளியே தள்ள முடியாது, இறக்காவிட்டால் எல்இடியும் செல்லும் கெட்டுப்போகும். அப்புறம் இதைக் குறைத்து வைத்து எரிக்கும் சின்ன வெளிச்சம் இருக்கிறதே, அது தங்கம். விடிய விடிய எரியும், நடுவில் மங்காது. பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டு ரெண்டு கையாலும் வேலை பார்க்கலாம். மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் எடுக்கும் லைட் இதுதான்.

ஆனாலும் விலை குறைந்தது என்பதற்காக வாங்காதீர்கள். 800 லூமன் என்று போட்டு அதை ஒரு மணி நேரமாவது அப்படியே தருகிற லைட், செல் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் தேடுங்கள். கடையில் வாங்குவதானால் பெரிய வெளிச்சத்தில் போட்டு ஐந்து நிமிஷம் அங்கேயே எரியவிட்டு, அதன் பிறகு காசைக் கொடுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் வேறு கடை.