கிளினிக்கா, கவுன்சலரா, கெபாஜிகானா?

அமெரிக்காவில் இருக்கும் சின்னம்மா மகள், "லைசென்ஸ் உள்ள கிளினிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாருங்க" (மனநலப் பிரச்சினைக்குப் பேசிச் சிகிச்சை தரும் சமூகப் பணியாளர்) என்று போனில் சுலபமாகச் சொல்லிவிட்டாள். நாங்கள் இருப்பதோ மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம், பழைய தோட்டத்து வீட்டில். பெரியம்மா மகன் மூன்று மாதமாக வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்தான்; அவனுக்காகத்தான் அவளிடம் கேட்டோம்.

விசாரித்தால், அவள் சொன்ன லைசென்ஸே மலேசியாவில் இல்லை. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிப் படிப்பு 1975-லேயே தொடங்கியது. ஆனால் அந்தத் தொழிலுக்கான தனிச் சட்டம் பற்றி வருடக்கணக்காகப் பேச்சுதான் ஓடியது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்பவர், அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணி அதிகாரி. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார், சிகிச்சைச் செலவுக்கு வழி தேடுவார். ஆனால் டாக்டர் எழுதி அனுப்பினால்தான் அவரைப் பார்க்க முடியும்.

ஆகவே முதலில் அரசு சுகாதார கிளினிக். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). மனநிலை பற்றிய கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் மனநல நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். காத்திருப்பது பெரிய விஷயமில்லை, பழகியதுதான். மொழிதான் சிக்கல். எங்களுக்குக் கிடைத்த டாக்டர் நல்லவர், தமிழ் தெரியாதவர். இவனுக்கு மலாய் திக்கும்; பெரியம்மாவே எடுத்துச் சொன்னார். பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறப்பான்?

தனியார் கவுன்சலரிடம் அந்தத் தொல்லை இல்லை, தமிழ் பேசுபவராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 1998 ஆலோசகர் சட்டப்படி, பதிவும் தொழில் சான்றிதழும் இல்லாமல் யாரும் கவுன்சலர் என்று போர்டு மாட்டக்கூடாது. கேபி (பதிவு பெற்ற கவுன்சலர்), பிஏ (தொழில் சான்றிதழ்) என்ற எழுத்துகளோடு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் நமக்கு வேண்டாம். பணம்தான் இடிக்கும்: நாங்கள் விசாரித்தவர்கள் ஒரு தடவைக்கு 100 வெள்ளிக்கு மேல் கேட்டார்கள். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் இருப்பவர் என்றால் கோமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அப்புறம் ஃபெரி. ஒரு நாள் சம்பளம் போச்சு. மருந்தும் அவர் எழுதித் தர முடியாது.

சமூகநல இலாகாவை, அதாவது நம் ஆட்கள் சொல்லும் கெபாஜிகானை, உதவித்தொகை, பிள்ளைகள் பாதுகாப்பு போன்றவற்றுக்கு நாடலாம். 15999 என்ற உதவி எண்ணில் எந்நேரமும் எடுப்பார்கள். மனச்சோர்வு என்று மட்டும் போனால் எப்படியும் கிளினிக்கைத்தான் காட்டுவார்கள். வீட்டில் அடி உதை என்றால் கதை வேறு: 1985 முதல் இயங்கும் பினாங்கு மகளிர் மாற்ற மையம் இலவசமாகவே ஆலோசனை தருகிறது. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.

நாங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டோம். மருந்துக்குக் கிளினிக் அட்டை. பேச்சுக்கு, மாதம் ஒருமுறை வீடியோவில் தமிழ் பேசும் கவுன்சலர். செலவைப் பெரியம்மாவும் நாங்களும் பாதிப்பாதி. அந்த ஒரு மணி நேரம் அவன் போனோடு ரம்புத்தான் மரத்தடிக்குப் போய்விடுவான். பெரியம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.