வியன்னாவிலிருந்து ஒரு நாள்: வாஹாவா, ஹால்ஸ்டாட்டா?

வியன்னாவில் நாலைந்து நாள் தங்குகிறவர்கள் ஒரு நாளை வெளியூருக்கு ஒதுக்கினால், போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான். ஹால்ஸ்டாட் ஏரிக்கரைக் கிராமம். வாஹாவ், மெல்க் ஊருக்கும் கிரெம்ஸ் ஊருக்கும் நடுவே டான்யூப் ஓடும் 36 கி.மீ. பள்ளத்தாக்கு. இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை; அழகில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. ஆனால் போன அன்றே திரும்புவதென்றால் வாஹாவ்தான் சரி. ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு ராத்திரியாவது தங்கும்படி போகவேண்டும்.

காரணம் திரும்பும் வழி. ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. ஊரிலிருந்து படகு, அதில் அக்கரை சேர்ந்து உள்ளூர் ரயில், அட்நாங்-புக்ஹைமில் இறங்கி வியன்னா எக்ஸ்பிரஸ் என்று மூன்று கண்ணிகள். படகு ரயில் நேரத்தை ஒட்டியே ஓடுகிறது. அதைக் கோட்டைவிட்டால் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். முன்கூட்டி வாங்கிய மலிவு டிக்கெட் அந்தக் குறிப்பிட்ட எக்ஸ்பிரஸில்தான் செல்லும் என்பதால் பணமும் போய்விடும். படகுக் கட்டணம் ரயில் டிக்கெட்டில் சேராது, தனி. போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி என்றால் பன்னிரண்டு மணி நேர நாளில் கையில் நிற்பது ஐந்து மணி நேரம். ஊருக்கு மேலே மலையில் இருக்கும் உப்புச் சுரங்கத்துக்கே, ஏறி இறங்குவதையும் சேர்த்து, மூன்று மணி நேரம் வேண்டும். உள்ளே 8 டிகிரி குளிர்; ஸ்வெட்டர் இல்லாமல் நுழையக்கூடாது.

வாஹாவில் இந்தச் சிக்கல் இல்லை. கிரெம்ஸிலிருந்து வியன்னா ஃப்ரான்ஸ் யோசஃப்ஸ் ஸ்டேஷனுக்கு மாறாமல் ஒரே ரயில், சுமார் 70 நிமிடம். ஒன்று போனால் அடுத்தது வரும். அதற்கு முந்தைய நிறுத்தமான ஸ்பிட்டெலாவில் இறங்கினால் யு4, யு6 மெட்ரோ இரண்டும் கிடைக்கும்.

ஆனால் திசை முக்கியம். மெல்க்கில் தொடங்கி கிரெம்ஸில் முடிக்கவேண்டும். ஆற்றோட்டத்தோடு வரும் படகுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போதும்; கிரெம்ஸிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறும் படகு மூன்று மணி நேரம் எடுக்கும். அதே கரை, அதே திராட்சைத் தோட்டம், கூடுதலாக ஒன்றும் தெரியாது. இது தெரியாமல் கிரெம்ஸில் படகேறுகிறவர்கள் மெல்க்கின் பெரிய கிறிஸ்தவத் துறவி மடம் மூடும் நேரத்துக்குப் போய் நிற்கிறார்கள்.

வியன்னாவிலிருந்து சாங்க்ட் பெல்டனில் ரயில் மாறினால் மெல்க் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ரயில், மட நுழைவு, படகு மூன்றும் அடங்கிய வாஹாவ் கூட்டு டிக்கெட்டை ஆஸ்திரிய ரயில்வேயே விற்கிறது. காலை 9 மணிக்கெல்லாம் மடத்துக்குள் இருந்தால் இரண்டு மணி நேரம் நிதானமாகப் பார்க்கலாம். நூலகத்தை விட்டுவிடாதீர்கள்: ஒரே மாதிரிப் பழுப்புத் தோலும் பொன்னெழுத்துமாக அட்டை கட்டிய நூல்கள், தலைக்கு மேலே ஓவியர் பால் ட்ரோகர் தீட்டிய விதானம். பிறகு மதியத்துக்கு மேல் புறப்படும் படகு.

நடுவில் டியூர்ன்ஸ்டைனில் இறங்குங்கள். 1192-இல் இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டைச் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு மேலே இருக்கிறது. ஏற அரை மணி நேரம், பாதை கரடுமுரடு, செருப்பு உதவாது. அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, 715 எண் பஸ் கிரெம்ஸ் ஸ்டேஷனுக்கே போகும். படகிலேயே கடைசிவரை போனால் துறையிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை.

ஜூலையில் போனால் மரில்லன் எனப்படும் ஆப்ரிகாட் பருவம். பழத்தை முழுசாகத் தயிர்ப்பாலாடை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். பூரணத்துக்குப் பதில் பழம் வைத்த கொழுக்கட்டைதான். இறைச்சி கிடையாது, ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள்; முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் ரயிலில் போகிறவர்களுக்கு, அதுவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கும்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் படகு நிற்கும், அதனால் புறப்படும் அன்று காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் படகு கிடையாது. மெல்க்கிலிருந்து வடகரை வழியாகப் போகும் அதே 715 பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறு கூடவே வரும்.