ஒரு ஃபிரேம், இரண்டு கேப்டன்கள்

காரைக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஹாக்கி மட்டைகளைப் போட்டுவைப்பது எங்கள் பழைய வீட்டு முகப்பில்தான். சுவரில் ஒரு படம் மாட்ட ஆசைப்பட்டார்கள். சேர்ந்த காசு ஒரு ஃபிரேமுக்குத்தான் போதும். வாசுதேவன் பாஸ்கரனா, தன்ராஜ் பிள்ளையா? நான் தன்ராஜை மாட்டினேன்.

பாஸ்கரனுக்காகப் பேச அதிகம் மெனக்கெட வேண்டாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். ஆண்கள் ஹாக்கியில் அதற்குப் பிறகு ஒலிம்பிக் தங்கம் வரவில்லை. பல நாடுகள் புறக்கணித்ததால் ஆறே அணிகள்தானே என்பார்கள். வராதவர்களுக்கு வந்து ஆடியவர்கள் என்ன செய்வார்கள்? அந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

தன்ராஜ், பூனா பக்கம் கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை. ஒன்றிலும் பதக்கம் இல்லை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 வருடம் கழித்துத் தங்கம் வந்தபோது கேப்டன் அவர். படத்தைப் பார்த்ததும் ஒரு பொடியன், “அண்ணே, கழுத்துல ஒண்ணுமே இல்லையே?” என்றான்.

அவனுக்குச் சிட்னியைத்தான் சொன்னேன். 2000 ஒலிம்பிக், போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. அப்போது போலந்து திருப்பி அடித்தது. 1-1. அதோடு போச்சு, கடைசியில் ஏழாம் இடம். அரையிறுதிக்குப் போயிருந்தாலும் பதக்கம் நிச்சயமில்லை, சரி. ஆனால் அந்த கோல் விழுவதற்கு முன்னால் இருந்த தன்ராஜும் விழுந்த பிறகு நின்ற தன்ராஜும் ஒரே ஆட்டக்காரர்தானே? பின்களத்தில் யாரோ ஒருவர் அரை நொடி பிந்தினால், முன்களத்தில் ஆடியவரின் பெயருக்கு எதிரே காலி இடம் விழுகிறது. அன்று இந்திய அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பாஸ்கரன். தங்கம் வென்ற அனுபவம் மைதானத்து ஓரத்திலேயே நின்றது. பந்து அதைப் பார்த்து நிற்கவில்லை. பதினொரு பேர் ஆட்டத்தில் பதக்கத்தை வைத்து அணியை அளக்கலாம். ஒருவரை அளக்க அவர் பந்தோடு ஓடுவதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் என் சாய்வும் இருக்கிறது. பாஸ்கரன் ஆடி நான் பார்த்ததில்லை. தன்ராஜ் முடி பறக்க, பந்து மட்டையிலேயே ஒட்டிக்கொண்டதுபோல ஓடுவதை டிவியில் பார்த்து வளர்ந்தவன். மாஸ்கோவை நேரில் பார்த்தவர்கள் வேறு படத்தை மாட்டியிருக்கலாம். அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

இப்போது செம்மண் திடலில் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்தப் பொடியன் “போலந்து! போலந்து!” என்று கத்துகிறான். முன்னால் நிற்கும் பிள்ளைகள்கூட பின்னால் ஓடி வந்துவிடுகிறார்கள்.